கறுப்பு நாயின் பத்தியம்

எங்கள் நாய் என்ன சாப்பிடுகிறது என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். "ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமுங்க" என்பேன். கேட்டவர் என்னைப் பார்ப்பார், என் வீட்டைப் பார்ப்பார், பிறகு சிரிப்பார். "நம்மளே ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமைதானுங்க கறி எடுக்கறம்" என்பார். அதற்கப்புறம் அவருடைய பெரியப்பா தோட்டத்தில் பழைய சோறும் எலும்பும் தின்றே கிழடாகி, ஒரு நாள்கூடச் சீக்கு என்று படுக்காமல் செத்துப்போன நாயின் வரலாறு தொடங்கும். இந்த ஊரில் எல்லோருடைய பெரியப்பாவிடமும் அப்படி ஒரு நாய் இருந்திருக்கிறது. சொறி பிடித்துச் செத்த நாய் எந்தப் பெரியப்பாவுக்கும் நினைவில் இருப்பதில்லை.

எங்கள் நாய் லாப்ரடார். நல்ல கறுப்பு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மகள் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். "நீ எதுவுமே பண்ண வேண்டாம்மா, எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றாள். படிப்பு முடிந்தது, பெங்களூரில் வேலை கிடைத்தது, அங்கே குடியிருப்பில் நாய்க்கு அனுமதி இல்லையாம். எல்லாம் பார்த்துக்கொள்கிறவள் இப்போது வாரக் கடைசியில் வீடியோவில் வந்து அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள். அவனுக்கு அவள் வைத்த ஆங்கிலப் பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் அவன் என்றுதான் சொல்கிறோம். அவனும் அதற்கே வருகிறான்.

அவன் சொறிய ஆரம்பித்தது மகள் போன பிறகுதான். முதலில் பாதத்தை நக்கினான். பிறகு காது நாற ஆரம்பித்தது. அடிவயிறு சிவந்து, வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டித் தோல் தெரிந்தது. நாள் முழுக்க டப் டப் என்று பின்னங்கால் தரையில் அடிக்கிற சத்தம். "ஏங்கித்தான் இப்படி ஆயிட்டானுங்க" என்று என் கணவர் சொன்னார். ஏக்கத்தில் காது நாறும் என்று அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

நான் துடியலூருக்குப் பக்கத்தில் ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் சாக்பீஸால் கோடு போட்டு ஓரமாகத் தள்ளிவைப்பது என் வேலை. வீட்டிலும் அதே புத்திதான் என்று ஒறம்பரையில், என் கணவரின் சொந்தத்தில், எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். சாக்பீஸ் பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இன்னும் ரெண்டு பேர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிற கால்நடை டாக்டரம்மா அவன் காதைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பூஞ்சை இல்லை, உண்ணி இல்லை. சாப்பாட்டில் எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் ஒன்றல்ல, பலது என்றார். கோழி, முட்டை, பால், கோதுமை நான்கின்மேலும் சந்தேகம் என்றார். ஊரில் நாய்க்கு என்று நாம் போடுவது சோற்றை விட்டால் இந்த நான்கு மட்டும்தான். இதுவரைக்கும் அவன் தின்று பழகாத ஒரு கறி, ஒரு கிழங்கு, இரண்டை மட்டும் எட்டு வாரம் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது எதிரி என்று தெரியும் என்றார். இடையில் ஒரு பிஸ்கட் துண்டு நாக்கில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது பலிக்காவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றும் சொன்னார்.

சமைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் செய்த ஒரே சுலபமான முயற்சி கடையில் தீவனம் வாங்கியது. பையின் முன்னால் ஒரு ஆட்டுக்குட்டியின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் கோழிக் கொழுப்பு. கடைக்காரப் பையனிடம் காட்டினேன். "அது வாசத்துக்குங்க்கா" என்றான். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆக, கறியும் கிழங்கும். உப்பு இல்லை, மஞ்சள் இல்லை, வெங்காயம் கூடவே கூடாது. கறிக்கடைக்காரர் நான் போனாலே "ஊட்டுக்கா, நாய்க்காங்க?" என்று சத்தமாகக் கேட்பார். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாய்க்கு என்று சொன்னால் ஜவ்வும் கொழுப்புமாகத் தள்ளுவார். வீட்டுக்கு என்று சொல்லி வாங்கப் பழகிக்கொண்டேன்.

ஆரம்பித்த மாதம் புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி வாங்குவதில்லை. மற்ற மாதங்களில் வெள்ளி, சனி, அமாவாசை கூடாது. பெருமாளுக்கு ஆகாதாம். நாயின் தோலைப் படைத்த பெருமாளுக்கு அது எப்படி ஆகாமல் போகும் என்று கேட்டால் என் கணவர் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்ப்பார். கடைசியில் கார் நிற்கிற கொட்டகையில் ஒரு கரண்டு அடுப்பை வைத்து அங்கே அவனுக்குச் சமைத்தேன். கொட்டகை வீட்டில் சேர்த்தி இல்லை என்பது என் கணவரின் தீர்ப்பு. கார் வாங்கியபோது பூசை போட்டது அதே கொட்டகையில்தான். அப்போது அது வீட்டில் சேர்த்தியாக இருந்தது.

சமைப்பது பெரிய விஷயமில்லை. ஊரைத் தடுப்பதுதான் பாடு. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் காபி குடிக்காமல் போக முடியாது, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாய்க்கு ஒரு துண்டு போடாமல் சாப்பிடவும் முடியாது. கண் பட்டு வயிறு வலிக்கும். பக்கத்து வீட்டில் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர். தினமும் காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேலே கையை நீட்டுவார்.

"ஏனுங்க, மறுபடியும் பிஸ்கட்டு குடுத்தீங்களா?"

"இல்லீங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணு. அதுவும் டீக்குத் தொட்டுக்கறதுங்க. சர்க்கரை இல்லாதது."

"சர்க்கரை இல்லீங்க. கோதுமைதான் அவனுக்கு ஆகாது."

"இதுல எங்கீங்க கோதுமை? இது பிஸ்கட்டு."

ஆயுசு பூராவும் அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்த மனுசன். பிஸ்கட் எதில் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவருக்கு மேலே கம்பி வலை அடித்தேன். அவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த மாதம் நிம்மதியாக இருந்தது.

இப்போது நங்கையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில், மாடியில் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகிறது, ஒரே மகன். படித்து, வேலைக்கும் போய், முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. நம் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைக்காத கதை ஊருக்கே தெரியும். பெண் வீட்டார் தோட்டம் கேட்பார்கள், தோட்டத்தில் வேலை செய்யாத மாப்பிள்ளையையும் கேட்பார்கள். நங்கையா போகாத கோயில் இல்லை. சனிக்கிழமை தவறாமல் காரமடைக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்குவார். அது அவருக்குப் பொறந்த வீடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. கார்த்திகைக் கடைசியில், மார்கழி பிறக்கும் முன்பு, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவானது. மாடி வீட்டில் நாலு பேர் உட்கார இடமில்லை, மாமன் வீடுதானே மருமகனுக்கு வீடு என்று எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டார் நங்கையா. சொல்லிவிட்டுத்தான் நாயைப் பார்த்தார்.

"கண்ணு, இந்தச் சொறி நாயை வெச்சுட்டு எப்படி ஒறம்பரையைக் கூப்படறது? பொண்ணு ஊட்டுக்காரவிய என்ன நெனப்பாங்க?"

"டாக்டரம்மா சொன்ன மாதிரி குடுத்துட்டு இருக்கறனுங்க. செரியாயிருமுங்க."

"கார்த்திகை பாதிக்குள்ள ஆகட்டும். ஆகலீன்னா தோட்டத்துக்கு அனுப்பிபோடலாம். அங்க ஓடியாடி நல்லா இருக்கும்."

என் கணவர் தலையை ஆட்டினார். அக்கா சொல்லும் எதற்கும் அவர் தலை தானாக ஆடும்.

தோட்டத்துக்கு அனுப்புவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோயமுத்தூரில் வேண்டாத நாய் எதுவும் சாவதில்லை. எல்லாம் தோட்டத்துக்குத்தான் போகிறது. கேட்டால், அங்கே ஓடியாடி நல்லா இருக்குது என்பார்கள். யாரும் போய்ப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம், தென்னை. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை விடிகாலையில் என் கணவர் போய்ப் பொழுதோடு திரும்புவார். மற்ற நாட்களில் குத்தகைக்காரர் குடும்பம் மட்டும். அங்கே முன்பு போன நாயைத் தென்னை மரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். தயிர்ச் சோறு போட்டார்கள், பாவம், அவர்கள் சாப்பிடுவதைத்தானே போடுவார்கள். சொறிந்து புண்ணாகி, புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்து, அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். இவனுக்கு அங்கே யார் உப்பில்லாமல் கறி வேகவைத்துக் கொடுப்பார்கள்? தோட்டம் என்றால் அவனுக்குச் சாவுதான். அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றார் என் கணவர். சொல்லாமல் இருந்தால் நடக்காது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

நான் அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் தட்டைத் தனியாகக் கழுவினேன். வீட்டைப் பெருக்குகிற அம்மாவிடம் சொல்லித் தரையில் ஒரு பருக்கை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். வாரத்தின் நடுவில் பார்த்தால் வயிற்றின் சிவப்பு அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை காது நாறாது. எனக்கு நம்பிக்கை வரும். ஞாயிறு மத்தியானம் டப் டப் என்று கால் அடிக்கத் தொடங்கிவிடும். திங்கள்கிழமை வயிறு மறுபடி ரத்தச் சிவப்பு. வாரா வாரம் இதே கதை. ஒரே அச்சில் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தால் அது தற்செயல் இல்லை என்று கம்பெனியில் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இங்கேயும் எதுவோ வாரத்துக்கு ஒரு முறை நடக்கிறது. தரை துடைக்கிற மருந்தை மாற்றினேன். புல் வெட்டுகிறவரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு வலையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

"யாரோ குடுக்கறாங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க ஊட்ல குடுக்க ஆளே இல்லீங்க. சனிக்கிழமை நானும் அவரும் இல்லாதப்போ எங்க நங்கையா கூடவே உக்காந்து பாத்துக்கறாங்க."

அது உண்மை. சனிக்கிழமை எனக்குச் சாயங்காலம் வரைக்கும் கம்பெனி. கணவர் தாராபுரத்தில். பத்தியம் தொடங்கியதும் நங்கையா தானாகவே முன்வந்தார். "நீ வர்ற வரைக்கும் நான் இருக்கறேன் கண்ணு, ஆரையும் கிட்ட அண்ட உடமாட்டேன்" என்றார். எதற்கும் ஒரு கை உதவிக்கு நீட்டாத மனுசிக்கு இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மகன் கல்யாணத்துக்காக நாய் குணமாக வேண்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, சுயநலத்திலும் நாலு நன்மை உண்டு என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒவ்வொரு வாரமும் அவர் கிளம்பும்போது, "எதுவும் குடுக்கலீங்களே?" என்று கேட்பேன். "நான் எதுக்குக் குடுக்கறேன்?" என்பார்.

கார்த்திகை இரண்டாவது சனிக்கிழமை எங்கள் பகுதியில் மின்வாரியப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்டு இல்லை. கம்பெனி ஜெனரேட்டரும் மத்தியானம் மூச்சை நிறுத்தியது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கேட்டைத் திறந்தேன், முன்பக்கம் யாரும் இல்லை. அவன் குரல் பின்பக்கம் கேட்டது. குரைப்பு இல்லை, சந்தோஷத்தில் முனகுவானே அந்தச் சத்தம்.

பின்னால் போனேன். துவைக்கிற கல்லின்மேல் நங்கையா உட்கார்ந்திருந்தார். மடியில் எவர்சில்வர் கிண்ணம். கல்லின்மேல் செல்போன், அதில் மகனின் படம், கோட்டும் டையுமாகக் கல்யாணத் தகவல் மையத்துக்குக் கொடுத்த படம். கிண்ணத்திலிருந்து பாலில் ஊறிய ரொட்டித் துண்டை எடுத்து, செல்போனுக்கு மேலே திருஷ்டி கழிப்பது போலச் சுற்றி, அதை அவன் வாயில் ஊட்டினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அடுத்த துண்டு. மறுபடி சுற்று. மகன் படம் அணைந்துபோனால் விரலால் தட்டி எழுப்பிக்கொண்டார்.

"நங்கையா, என்னங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. கடைசித் துண்டையும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"பாத்துபோட்டயா. ஆருக்கும் தெரிஞ்சா பலிக்காதுன்னாங்க. பரவால்ல, இன்னியோட ஒம்பதாவது வாரம் முடிஞ்சுதுங்காட்டி தப்பிச்சேன்."

"என்னதுங்க பலிக்காது?"

"சத்தியமங்கலத்துக்கு அக்கட்ட ஒரு சோசியர் இருக்கறாரு கண்ணு. பையனுக்கு ஏழரை நடக்குது, அதுதான் பொண்ணு அமையல, கறுப்பு நாய்க்கு ஒம்பது சனிக்கெழமை பால்ல ரொட்டிய நனச்சு உங்க கையால ஊட்டுங்கன்னாரு. பாரு, நாலாவது வாரமே சாதகம் பொருந்திப் போச்சு."

"தெருவுல கறுப்பு நாயே இல்லீங்களா?"

"கடிச்சு வெச்சா ஆரு ஊசி போட்டுக்கறது? இது நம்மூட்டு நாய். நல்ல சாதி. சொன்ன பேச்சுக் கேக்கும்."

"பாலும் கோதுமையும் இவனுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? வாரா வாரம் நான் கேக்கறப்போ இல்லைன்னீங்களே."

"பரிகாரத்தை வெளிய சொல்லப்படாது கண்ணு. அதுக்குப் பேரு பொய் இல்ல."

பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவைக்கிற மாதிரி, மெதுவாக, அன்பாகச் சொன்னார்.

"அது சொறியறது சீக்குன்னு நீ நெனச்சுட்டு இருக்கற. சீக்கில்ல கண்ணு. என்ற பையனோட தோசத்தை அது வாங்கீட்டு இருக்குது. நான் வந்துட்டுப் போன அடுத்த நாளே எச்சா சொறியுதுன்னு நீ சொல்றதக் கேட்டா எனக்கு மனசு நெறஞ்சு போகும். பலிக்குதுன்னு தெரியுமில்ல. அதனாலதான் சொல்றேன், தோசத்தை வாங்குனதை ஊட்டோட வெச்சுக்கப்படாது. தோட்டத்துக்கு அனுப்பிபோடுன்னேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே, அதில்கூடக் கிள்ளுகிறவளுக்குத் தான் கிள்ளுகிறோம் என்று தெரியும். இங்கே கிள்ளுவதே வைத்தியம். அந்த மனுசி பெருமாளைப் பார்த்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு வந்து, ஒரு வாயில்லாச் சீவன் தோல் உரிவதைக் கேட்டு வாரா வாரம் மனசு நிறைந்திருக்கிறார். அவர் வயதில் பெரியவர், பொறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவரைத் தொட்டு எழுப்ப முடியாது. கிண்ணத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். என் வீட்டுக் கிண்ணம்தான் அது.

பொழுதோடு என் கணவர் தாராபுரத்திலிருந்து வந்தார். வண்டியிலிருந்து தேங்காய் மூட்டையை இறக்கக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, ஞாயிற்றுக்கிழமைச் சொறி, வெள்ளிக்கிழமை ஆறுதல், செல்போனில் எடுத்து வைத்திருந்த வயிற்றுப் படங்கள், ஒன்று விடாமல் காட்டினேன். அவர் படங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அக்காளுக்கும் வேற வழி தெரியலீங்க" என்றார் என்னிடம். "பையன் கல்யாணம்னா சும்மாவா. விடுங்க, அதுதான் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்கல்ல."

எனக்கு அவரையும் ஓரமாகத் தள்ளிவைக்க வேண்டும் போலிருந்தது. நங்கையா தம்பியின் ஆதரவு கிடைத்த தைரியத்தில், என்னிடம் சொன்ன விளக்கத்தை அவருக்கும் சொன்னார். தோசம் நாய்க்குள் இறங்கிவிட்டது, இனி அது இந்த வீட்டில் இருப்பது நல்லதில்லை, நாளைக்கே வண்டியில் ஏற்றித் தோட்டத்தில் விட்டுவிட்டு வா என்றார்.

என் கணவரின் முகம் மாறியது. இருபத்தாறு வருடத்தில் அக்கா பேச்சுக்கு அந்த முகம் மாறி நான் பார்த்ததில்லை.

"அக்கா, தோசத்தோட அதைய என்ற தோட்டத்துக்கா அனுப்பச் சொன்னீங்க?"

"அங்க ஆறு ஓடுதில்ல தம்பி. தண்ணியோட போயிரும்."

"ஆறு எங்க, நம்ம தோட்டம் எங்கீங்க? ஏற்கனவே தென்னைல வெள்ளை ஈ வந்து, மட்டையெல்லாம் கருத்துப்போய், என்ன மருந்து அடிச்சும் அடங்காம நான் படாத பாடு பட்டுட்டு இருக்கறேன். இதுல உங்க பையனோட ஏழரையையும் கொண்டாந்து எறக்கச் சொல்றீங்களா?"

"நான் அப்படி நெனைக்கல தம்பி."

"நெனச்சாலும் நெனைக்காட்டியும் இந்த நாய் தோட்டத்துக்கு வரப்படாதுங்க. இங்கயே கெடக்கட்டும்."

அவ்வளவுதான். முடிந்தது. எட்டு வாரப் பத்தியமும் டாக்டரம்மாவின் விளக்கமும் நான் கொட்டகையில் குந்தி வேகவைத்த கறியும் செய்ய முடியாததை வெள்ளை ஈ செய்துவிட்டது. அவனைக் காப்பாற்றியது அறிவு என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். ஒரு மூடத்தனத்துக்கு அதைவிடப் பெரிய மூடத்தனம் குறுக்கே வந்து விழுந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவன் பிழைத்துவிட்டான்.

நங்கையா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கேட் வரைக்கும் போனேன்.

"நங்கையா, இனிமேல் சனிக்கெழமைல இங்க வர வேண்டாமுங்க."

அவர் நின்றார். "என்ற பொறந்த ஊட்டுக்கு வராதேன்னு சொல்றயா கண்ணு?"

"வாங்க. சாப்பிடுங்க. தங்குங்க. சனிக்கெழமை மட்டும் வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவரை வெட்டுவதென்றாலும் ங்க போட்டுத்தான் வெட்ட வேண்டும். அவருக்குப் புரிந்தது. பெண் வீட்டார் வந்தபோது நங்கையா எங்கள் வீட்டைக் கேட்கவில்லை, காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் வைத்துக்கொண்டார். சம்பந்தம் முடிவானது. தையில் கல்யாணமும் நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டியதை என் கணவர் குறைவில்லாமல் செய்தார். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டு தூக்கினேன். பந்தியில் நங்கையா யாரிடமோ பரிகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த அம்மா சோசியரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். எந்தக் கறுப்பு நாய்க்கு நேரம் சரியில்லையோ தெரியவில்லை.

பத்தியத்தை முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை கால் அடிக்கிற சத்தம் கேட்கவில்லை. மாசியில் வாலுக்கு மேலே முடி முளைத்தது. பிறகு டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் நான்குமே அவனுக்கு எதிரி என்று உறுதியானது. இப்போது வயிறு வெளுத்து, காது நாறாமல், கண்ணாடி போல மினுமினுப்பாக இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் வலை வழியாக எட்டிப் பார்த்து, "நல்லாத் தேறீட்டானுங்க, நான் குடுத்த பிஸ்கட்டு நின்னதுல இளைச்சுப் போவான்னு நெனச்சேன்" என்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அவன் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். நான் எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. கறியும் கிழங்கும் பிசைந்த தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தால் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, என்னைத் தாண்டி, நங்கையா நடந்து வரும் சந்துப் பக்கமே பார்க்கிறான். அவன் தோலை வாரா வாரம் உரித்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. வெறும் தட்டில் வைக்காமல், மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக ருசியானதைக் கையால் ஊட்டியவர் ஒருவர்தான் என்பது மட்டும் தெரியும். எனக்கு நங்கையாமேல் இருக்கிற ஆத்திரத்தைவிட அந்த நேரத்தில் இவன்மேல் வருகிற ஆத்திரம் பெரிது. வெயில் இறங்கும் வரைக்கும் அவன் வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறான்.